பாலுக்கு ஆகாத துப்பாக்கி

இந்த அத்தியாயத்தை எழுதலாமா வேண்டாமா என்று பதினைந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் இந்தத் தொடரில் வந்த, நான் சூளையில் கையைச் சுட்டுக்கொண்ட கதையைப் படித்துவிட்டு நாலைந்து பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். "உங்களைப் போல ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறவர் உண்டா?" என்று ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒளிவு மறைவு இருக்கிறது, அம்மா. ஒரு துப்பாக்கி நீளத்துக்கு இருக்கிறது.

எங்கள் பக்கத்துச் சாமி கொளஞ்சியப்பர் மேல் பாரத்தைப் போட்டு எழுதிவிடுகிறேன்.

மழையில் ஓர் அடுப்பு

ஐப்பசி மழை. அறுபதுகளின் கடைசியா, எழுபதுகளின் தொடக்கமா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால், பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில், ஒரே நீள அறையாக ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

வாசலில் என் மனைவி அஞ்சலை மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். கையில் குடை. குடை ஸ்டவ்வுக்கு, அவளுக்கு இல்லை. புடவை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே தூளியில் எட்டு மாதக் குழந்தை கத்துகிறது. குழந்தைக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு ஈரம் படாமல், மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏண்டி அஞ்சல, வூட்டுக்குள்ள அடுப்பு இல்லியா?"

"அடுப்பு இருக்குது. துப்பாக்கியும் இருக்குது."

"அதனால?"

"அது பாலுக்கு ஆகாதுக்கா. எங்க மாமியார் வூட்டு வழக்கம். சீமையில ராணி கையால எழுதிக் கொடுத்திருக்காங்களாம்."

அவள் சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. கேட்டது.

என் எதிரே தாலுக்கா ஆபீசில் கொடுத்த விண்ணப்பப் பாரம் ஒன்று கிடந்தது. அப்பா பேரில் இருந்த துப்பாக்கி லைசென்ஸை வாரிசு என்ற முறையில் என் பேருக்கு மாற்ற வேண்டும். அதற்கு மூன்று கட்டங்களை நிரப்பித் தரச் சொல்லியிருந்தார்கள். வகை. செய்தவர் பெயர். மதிப்பு. அதுவரைக்கும் வீட்டில் வைத்துக்கொள்ளத் தற்காலிகச் சீட்டு கொடுத்திருந்தார்கள்.

மூன்றும் காலியாக இருந்தன. மூன்றாவது கட்டம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் இந்தத் துப்பாக்கிக்காகத்தான் என் பங்குக்கு வர வேண்டிய ஒரு காணி நிலத்தையும் ஒரு கறவை மாட்டையும் அண்ணனிடம் விட்டுக்கொடுத்திருந்தேன். துப்பாக்கி நல்ல விலை போனால் நான் கெட்டிக்காரன். போகாவிட்டால், கைக்குழந்தைக்குப் பாலை வாங்கிக் குடிக்க வைத்த முட்டாள். அண்ணன் என்னை ஏமாற்றியவர்.

அஞ்சலை பால் பாத்திரத்தை இறக்கினாள். "ஒண்ணு அது இருக்கணும், இல்ல நானும் பாலும் இருக்கணும். தீவாளிக்குள்ள சொல்லிடுங்க" என்றாள்.

தாத்தாவும் வாத்தியாரும்

அந்தத் துப்பாக்கி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லாவிட்டால் இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்னாலும் அப்படித்தான் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வேப்பூரை அடுத்த மங்களூர்ப் பக்கம், கடலோர மங்களூர் இல்லை. ரயில் பாதை போட்ட காலத்தில் என் தாத்தா ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயருக்குக் கூடாரம் சுமந்தார். இஞ்சினீயர் ஊருக்குப் போகும்போது துப்பாக்கியைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கப்பலில் சுமை குறையட்டும் என்று கொடுத்தாரோ என்னவோ. எங்கள் வீட்டில், அன்பில் கொடுத்ததாகத்தான் பேச்சு.

இரட்டைக் குழாய். குழாய் முழுக்கப் பாம்புத் தோல் போல வரிவரியாக நெளிவு. மேலே லண்டன் என்று இங்கிலீஷில் எழுத்து. குழாயை மடக்கித் திருப்பினால் அடியில் சின்னச் சின்னக் கிரீடங்கள், அவற்றுக்கு நடுவே மூன்று வார்த்தைகள்.

தாத்தா அதை ஊர் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மூன்றாம் வகுப்பு வரை இங்கிலீஷ் சொல்லித் தருகிறவர். அவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"நாட். ஃபார். பால்."

பிறகு, பாடம் நடத்துகிற குரலில் விளக்கினார். நாட் என்றால் இல்லை. ஃபார் என்றால் 'க்கு'. பால் என்றால் பால்தான், அதற்கென்ன. ஆக, பாலுக்கு இல்லை. பாலுக்கு ஆகாது.

"ஏன் ஆகாது சாமி?" என்று தாத்தா கேட்டிருக்கிறார்.

"மருந்துல கந்தகம் இருக்குதில்ல? பால் திரிஞ்சுபோயிடும். வெள்ளக்காரன் எல்லாத்தையும் யோசிச்சுத்தான் எழுதுவான்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் துப்பாக்கியும் பாலும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததில்லை. பால் கறந்து காய்ச்சுவதெல்லாம் தொழுவத்தில்தான். ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் உண்டு. பொங்கல் மட்டும் தண்ணீரில் பொங்கினது. வீட்டுக்கு மருமகள் வந்து பால் காய்ச்சுகிற நாளில் துப்பாக்கி மாமா வீட்டுக்கு விருந்துக்குப் போய்விடும். மாடு மடி வற்றினால் துப்பாக்கி மேல் பழி. மனிதர்கள் யார் மேலும் பழி விழாததால் எங்கள் குடும்பம் ஒற்றுமையாக இருந்தது என்று சொல்லலாம்.

பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிகளை விரட்டவென்று அப்பா லைசென்ஸ் வைத்திருந்தார். அவர் சுட்டு எனக்குத் தெரிந்து கீழே விழுந்தது ஒரே ஒரு தென்னை மட்டை.

பால் கிளே

இப்போது என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன்.

நான் பீங்கான் வேலையில் அச்சுப் பிரிவில் இருந்தேன். ஊறுகாய் ஜாடி, டீக் கோப்பை, மின்கம்பத்துப் பீங்கான் எல்லாம் அச்சில் வார்ப்போம். அதற்குச் சேர்க்கிற களிமண்ணில் ஒரு வகைக்குப் பெயர் 'பால் கிளே'. தினமும் அந்த மூட்டையை முதுகில் சுமந்தவன் நான். அதில் ஒரு பசு மாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இங்கிலீஷில் 'பால்' என்றால் வேறு ஏதோ ஒன்று என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. படிப்பு அவ்வளவுதான்.

அப்பா படுக்கையில் விழுந்த சமயம். பார்க்கப் போனேன். போகும்போது, பாகம் பிரித்தால் துப்பாக்கி என்ன பெறும் என்று தெரிந்துகொள்ள, ஈரத்துணியில் ஓர் உருண்டை பால் கிளே சுற்றி எடுத்துப் போனேன். அப்பா அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தார். அண்ணி கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் துப்பாக்கியின் அடிப்பக்கத்து முத்திரைகளில் களிமண்ணை அழுத்தி அச்சு எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதத்தான் பதினைந்து வருஷம் ஆனது.

அந்த அச்சை ஜாடி மூடிகளோடு சூளையில் சுட்டு எடுத்தேன். எங்கள் லேப்பில் கெமிஸ்டாக இருந்த ஆரோக்கியசாமி சாரிடம் காட்டினேன். கோப்பை, தட்டு எதைக் கொடுத்தாலும் கவிழ்த்து அடியில் இருக்கிற முத்திரையைப் பார்த்து எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால்கூடப் பாதிரியார் கையிலிருக்கிற பாத்திரத்தின் அடிப்பக்கம் தெரியாதா என்று பார்க்கிறவர்.

எழுத்து இடம் வலம் மாறி விழுந்திருந்ததால் சவரக் கண்ணாடியில் காட்டிப் படித்தார்.

"தட்டுக்கு அடியில கிரீடம் இருந்தா அது அரமணைச் சரக்கு. இதுல எத்தன கிரீடம் இருக்குது?"

"மூணு சார்."

"மூணா!" மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கிரீடத்துக்கு ஆயிரம்னாலும் மூவாயிரம் போகுமேய்யா. யாரு வூட்டுது?"

"தெரிஞ்சவங்க வூட்டுது சார். அந்த எழுத்துக்கு என்னா அர்த்தம்?"

மறுபடியும் கண்ணாடியில் பார்த்தார். "நாட் ஃபார் பால்... பால் கிளேயாத்தான் இருக்கும். இதப் பால் கிளே போட்டுத் தேய்க்காதன்னு எழுதியிருக்கான். பளபளப்பு போயிடும்."

பால் கிளே போட்டுத்தானே அச்சே எடுத்தேன்! அரண்மனைத் துப்பாக்கியைக் கெடுத்துவிட்டேனோ என்று அன்று முழுக்க அதே நினைப்பு. ஆனால் இன்னொன்றும் அன்றுதான் மனசில் பட்டது. அந்தப் பால், மாட்டுப் பாலாக இல்லாமலும் இருக்கலாம்.

பட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பாகம் பிரித்த நாள்

அப்பாவின் காரியம் முடிந்து ஒரு மாதத்தில் பாகம் பிரித்தோம். இருந்தது இரண்டு காணி புன்செய், இரண்டு கறவை மாடு, விருத்தாசலத்தில் அப்பா வாங்கிப் போட்டிருந்த ஒரு காலி மனை, துப்பாக்கி. வாரிசு நாங்கள் இரண்டு பேர். என் அண்ணன் பெயர் கொளஞ்சி. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு கொளஞ்சி உண்டு, சாமி பெயர்.

மத்தியஸ்தம் பேச மாமா வந்திருந்தார். துப்பாக்கியைக் கையில் வாங்கி எடை பார்த்தார். புளி நிறுக்கிற மாதிரி.

"வெள்ளக்காரன் சாமான். ஒரு காணி பெறும்" என்றார்.

நான் பேசவில்லை. மூன்று காணி பெறும் என்று எனக்குத் தெரியும். அண்ணனும் பேசவில்லை. அவர் ஏன் பேசவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "துப்பாக்கி எடுக்கிறவன் மாடு எடுக்க முடியாது மாமா. ரெண்டும் ஒரு வூட்ல இருக்கக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு."

அங்கேதான் நான் எழுந்து நின்றேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிற அளவுக்கு நன்றாகப் பேசினேன்.

"அந்தப் பாவத்த நான் தலையில போட்டுக்கிறேண்ணே. நிலம் நீயே வெச்சிக்க. ரெண்டு மாடும் நீயே வெச்சிக்க. உன் புள்ளைங்க நல்லா பால் குடிக்கட்டும். பாலுக்கு ஆகாதது என்னோட போகட்டும்."

மாமா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் தரையைக் கீறினார்.

"தம்பி இவ்ளோ பெரிய மனசு காட்டுறான். டவுன்ல இருக்கிற மனைய முழுசா அவனே வெச்சிக்கட்டும்" என்றார்.

ஒரு நடிப்புக்கு ஒரு மனை. சம்பளம் அதிகம்தான்.

வீட்டுக்கு வந்து அஞ்சலையிடம் 'அண்ணன் பிடிவாதம் பிடித்தார், என்ன செய்வது' என்று சொன்னேன். அதனால்தான் அந்த மழையில் அவள் வாசலில் பால் காய்ச்சினபோது, "உள்ளே வா, அதில் எழுதியிருப்பது மாட்டுப் பால் இல்லை போலிருக்கிறது" என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் மாடு ஏன் போனது என்று கேட்பாள்.

திருச்சியில் பாய் கடை

தீபாவளிக் கெடு இருந்தது. ஆரோக்கியசாமி சார் சொன்ன மூவாயிரத்தை அரசாங்க பாரத்தில் எழுத முடியாது. கடைக்காரர் கையெழுத்து வேண்டும். துப்பாக்கியைத் திருச்சிக்குக் கொண்டுபோகச் சீட்டு வாங்கிக்கொண்டு, பாயில் சுற்றி, ரயில் ஏறினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மூட்டையைப் பார்த்து, "நாயனமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாரு வூட்டுக் கல்யாணம்?" என்றார். அரியலூர் வரைக்கும் இல்லாத ஒரு கல்யாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் நான் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் எனக்குப் பொய் சரளமாக வந்தது.

திருச்சியில் துப்பாக்கி விற்கிற, பழுது பார்க்கிற கடை. வெள்ளைத் தாடி வைத்த ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். சீட்டைப் படித்தார். குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஒரு நாணயத்தைக் குழாய் வாயில் வைத்துப் பார்த்தார். குழாயை விரலால் சுண்டிவிட்டு, காதருகே வைத்துச் சத்தம் கேட்டார். நாங்கள் ஜாடியில் கீறல் இருக்கிறதா என்று தட்டிக் கேட்போமே, அதே மாதிரி. எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. கெட்ட சகுனம்.

"இது அரமணைத் துப்பாக்கி இல்லீங்களா பாய்? மூணு கிரீடம் இருக்குதே?" என்றேன்.

"தராசுப் படியில சர்க்காரு முத்திரை அடிக்கிறாங்களா இல்லியா? அதுக்காகப் படி என்ன கவர்னர் வூட்டுதா? வெடிச்சுப் பார்த்தோம், குழாய் தாங்குச்சுன்னு அடிக்கிற முத்திரை தம்பி இது."

"லண்டன்னு எழுதியிருக்குதே?"

"எழுதினாத்தானே விக்கும். செஞ்சவன் பேரு எங்கியாவது இருக்குதா பாருங்க. இல்ல. பேரில்லாதது அந்தக் காலத்துல கட்டுக் கட்டா வந்து எறங்குச்சு."

"இந்த வரி வரியா..."

"அது அழகுதான். இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி, கயிறு மாதிரி சுத்திச் சுத்தி அடிச்ச குழாய். இப்ப வர்ற தோட்டாவ இதுல போட்டீங்கன்னா வெடிக்கிறது முன்னாடி இல்ல, உங்க மூஞ்சில."

கடைசியாகக் கேட்டேன். "பாலுக்கு ஆகாதுன்னு போட்டிருக்குதே, அது?"

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"பால்னா உருண்டை. ஒத்தக் குண்டு. பெரிய மிருகத்துக்குப் போடுறது. இதுக்கு வாய்ப்பக்கம் கொஞ்சம் குறுகலு. ஒத்தக் குண்டு போட்டா வாய் கிழிஞ்சிடும். சின்னச் சின்ன ரவைதான் போடணும். அதான் 'குண்டு போடாத'ன்னு அடிச்சிருக்கான்." பிறகு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க கேட்ட மாதிரியே ஒருத்தரு கேட்டாரு. இதே துப்பாக்கி. வேப்பூர்ப் பக்கத்துலேருந்து வந்தேன்னாரு. பாலுக்கு ஆகாதான்னாரு. இதையேதான் சொன்னேன். உங்க மூக்கு அவருக்கு அப்படியே இருக்குது."

அண்ணன்!

அப்பா உயிரோடு இருக்கும்போதே அண்ணன் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டு போயிருக்கிறார். துப்பாக்கிக்கு விலை இல்லை என்று தெரியும். பால் மாட்டுப் பால் இல்லை என்றும் தெரியும். தெரிந்துகொண்டு, செத்துப்போன அப்பாவைச் சாட்சிக்கு இழுத்து, இரண்டு மாட்டையும் கட்டிக்கொண்டார்.

"மதிப்பு என்னா போடலாம் பாய்?"

"எழுவத்தஞ்சு ரூவா. அதுகூட கட்டை நல்ல வாதுமைக் கட்டைங்கறதால."

பிராது

எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போக வசதியில்லாதவர்களும், போய் வெறுத்தவர்களும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவோம். அங்கே முருகனுக்குப் பிராது எழுதலாம். இன்ன ஊர், இன்னார் மகன் இன்னான், இன்னார் மேல் குறை, விசாரித்து நீதி செய்ய வேண்டும் என்று காகிதத்தில் எழுதி, சாமி காலடியில் வைத்து, முனியப்பர் முன்னால் வேலில் கட்டிவிட வேண்டும். காரியம் தீர்ந்தால் ராஜினாமா எழுதிப் பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் முறைப்படி.

திருச்சியிலிருந்து வந்த மறுநாள் காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, போய் உட்கார்ந்தேன். கொளஞ்சியப்பர் சந்நிதியில் கொளஞ்சி மேல் பிராது. சாமி குழம்பிவிடக் கூடாதே என்று அண்ணனின் இனிஷியலையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

எழுதிக் கொடுத்தவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"என்னா நஷ்டம்?"

"ஒரு காணி. ஒரு மாடு. எழுவத்தஞ்சு ரூவா துப்பாக்கியக் கொடுத்து ஏமாத்திட்டாருங்க."

"அது எழுவத்தஞ்சுன்னு அவருக்குத் தெரியும்?"

"தெரியுங்க. திருச்சியில சாட்சி இருக்குது."

"நல்லது." எழுதினார். "நீங்க என்னா பெறும்னு நெனச்சு வாங்கினீங்க?"

வாயில் பொய் வந்தது. எதிரே வேல் வேலாகப் பிராதுக் கட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. கோர்ட்டில் பொய் சொல்ல வக்கீல் வைத்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை.

"மூவாயிரம்" என்றேன்.

பேனா நின்றது. "அத அண்ணங்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"மறைச்சு வாங்கினீங்க. ஏன், மாடு ஒண்ணு கேட்டிருக்கலாமே?"

"பாவத்த நான் சுமக்கறேன்னு சொல்லிட்டேங்க. அதுல அவரு எரக்கப்பட்டு ஒரு மனையும்..."

"மனை வேறயா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவரு மறைச்சாரு, நீங்களும் மறைச்சீங்க. அப்ப ஏமாந்தது யாருய்யா? ஏமாந்தவரு பேர்லதானே பிராது நிக்கும்!"

நான் வேலில் தொங்கிய கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பிராது எழுத வரிசையில் நின்ற ஒரு பெண்பிள்ளை, "சீக்கிரம் யோசிங்கய்யா, எனக்கு பஸ்ஸு போயிடும்" என்றாள்.

"எங்கப்பா" என்றேன். "அவருக்குத் தெரியாமத்தான் ரெண்டு பேரும் துப்பாக்கிக்கு வெல பாத்தோம்."

எழுதுகிறவர் தலையைத் தூக்கினார். "இருக்காரா?"

"இல்லீங்க."

"கோர்ட்டுல இது நிக்காது." கொஞ்சம் யோசித்தார். "சாமிகிட்ட நிக்கும்." புதுக் காகிதம் எடுத்தார். பிராது கொடுப்பவர், காலஞ்சென்ற தகப்பனார். முதல் எதிரி, மூத்த மகன் கொளஞ்சி. இரண்டாம் எதிரி, இளைய மகன். நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி என் முன்னால் நீட்டினார்.

"நீங்க கையெழுத்துப் போடுங்க. மொத எதிரிய கூட்டியாங்க. ஒருத்தன் இல்லாம ஒருத்தன் போட்டா அது கோள் சொல்றது."

முதல் எதிரி

அன்றே பஸ் ஏறினேன். அண்ணன் களத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா தம்பி, அஞ்சலையும் பாப்பாவும் நல்லா இருக்காங்களா?" என்றார். நான் பதில் சொல்லாமல் காகிதத்தைக் கொடுத்தேன்.

அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. திருச்சி என்கிற இடத்தில் உதடு நின்றது. மறுபடியும் அசைந்தது. அப்பா இருமிக்கொண்டிருந்தபோது நான் அச்சு எடுத்த இடம் வந்ததும் என்னை ஒரு முறை பார்த்தார்.

"அன்னைக்கி அப்பா உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு. சின்னவன் எங்க, சின்னவன் எங்கன்னு. கொல்லைக்குப் போயிருக்கான்னு சொன்னேன்."

நான் மல்லாட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள். "என்னா காயிதம்? கடனா?"

"அதவிடப் பெருசு. நீ உள்ள போ."

முழுக்கப் படித்து முடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். என்னைத் திட்டினால் நானும் திட்டலாம் என்று பஸ்ஸிலேயே வார்த்தைகளை எடுத்து வைத்திருந்தேன்.

"கன்னுக்குட்டி விட்டுப்போச்சு" என்றார்.

"என்ன கன்னுக்குட்டி?"

"செவலக் கிடாரி. பாகம் பிரிக்கிறதுக்கு மொத நாளு ஓட்டிக்கிட்டுப் போயி மாமனாரு வூட்ல கட்டிட்டேன். உனக்குத் தெரியாது." துண்டை உதறித் தோளில் போட்டார். "மனசு கேக்காமத்தான் மனையக் கொடுத்தேன். அதயும் எழுது. எழுதறதுன்னா முழுசா எழுதணும்."

இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். நான் சொல்ல வேண்டியது இன்னொன்று இருந்தது. வேப்பூரில் வண்டி நின்றது. டீ வாங்கிக் குடித்தோம். வண்டி கிளம்பியது. விருத்தாசலம் மணிமுத்தாற்றுப் பாலம் தெரிகிற வரைக்கும் அது வெளியே வரவில்லை.

"அண்ணே, அந்த மனை. தொழிற்பேட்டைக்குப் புதுசா ரோடு அந்த வழியாத்தான் வருது. நீ கொடுக்கறப்பவே எனக்குத் தெரியும்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்குப் பொறந்தது ரெண்டும் திருடன்டா."

கன்றுக்குட்டியையும் ரோட்டையும் சேர்த்து எழுதச் சொன்னோம். கையெழுத்துப் போட்டோம். முனியப்பர் முன்னால் கட்டினோம். எழுதுகிறவர், "இவ்ளோ காலத்துல எதிரிங்களே வந்து கட்டின பிராது இதான்" என்றார்.

பிறகு

துப்பாக்கியை அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிட்டேன். அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் ஸ்டவ்வைத் தூக்கி உள்ளே வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பத்து நாள் காத்திருந்தேன். அது வந்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் உடனே உத்தமர்கள் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பொங்கலுக்கு அண்ணன் செவலக் கிடாரியை ஓட்டிக்கொண்டு வந்து கட்டினார். மாட்டைக் கட்டவில்லை. நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் மனையில் பாதி உனக்கு என்றேன். அளக்க ஆள் கூட்டிவருகிறேன் என்றேன். ரோடு வந்தது, மனை விலை ஏறியது, அளக்கிற ஆளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அண்ணன் கேட்கவும் இல்லை. நாலு வருஷம் முன்னால் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால் அந்தப் பிராதுக்கு இன்று வரை ராஜினாமா எழுதவில்லை. எழுத எனக்கு உரிமையும் இல்லை, கொடுத்தவர் அப்பா. அண்ணன் பிள்ளைகளை வரச் சொல்லி, அளக்க நாள் குறித்துக் கடிதம் போட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இதற்குள் கதை எங்களை முந்திக்கொண்டு ஓடுகிறது. அண்ணன் வீட்டில், தம்பி நடித்து மனையைப் பறித்தான் என்கிறார்கள். என் பிள்ளைகள், பெரியப்பா பொய் சொல்லி மாட்டை ஓட்டிக்கொண்டு போனார் என்கிறார்கள். இரண்டும் உண்மை. தனித்தனியாகச் சொன்னால் இரண்டும் பொய்.

வாசகர்கள் யாராவது இதை வீட்டிலோ, டீக்கடையிலோ, பஸ்ஸிலோ சொல்வதாக இருந்தால், வார்த்தை நயத்துக்காகத் துப்பாக்கியின் விலையைக் கூட்ட வேண்டாம். கன்றுக்குட்டியை விட வேண்டாம், ரோட்டை விட வேண்டாம். யாராவது ஒருவரை நல்லவராக்கி முடித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும், அதைச் செய்துவிடாதீர்கள். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று இரண்டு பேரையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒரு பெயரை எடுத்துவிட்டால் எங்கள் அப்பாவின் பிராது தள்ளுபடியாகிவிடும்.